நாற்காலியில் கிடந்த அமெரிக்கச் சட்டம்

நான் குள்ளம். அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் நான் தட்டச்சு செய்த அலுவலகத்தின் மேசையோ நெட்டையர்களுக்கானது. மாற்றலாகி மெயின்லேண்டு போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற தடிப் புத்தகத்தை நாற்காலியில் போட்டு, அதன்மேல்தான் உட்கார்வேன். ஒரு வருஷம் உட்கார்ந்த பிறகே திறந்து பார்க்கத் தோன்றியது. அமெரிக்க அரசியல் சட்ட வழக்குகள்.

கப்பல் வராத நாட்களில் வேலை குறைவு, படித்தேன். ஓர் ஊரில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டுமாம். தீ பயம், நியாயம்தான். ஆனால் கேட்ட சீனர்களுக்கெல்லாம் மறுப்பு, மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அனுமதி. செல்லாது என்றது நீதிமன்றம். வேறு வழக்குகளில் நீதிபதிகள் கேட்டது இன்னும் பிடித்தது: மக்களைப் பிரித்துக் கோடு போடுகிறாயே, போட்ட காரணத்துக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் உண்டா? சோறு பிசையும்போதுகூட அதே யோசனை. சட்டம் எல்லோரையும் சமமாகக் காக்க வேண்டும் என்ற அதே விதி நம் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது என்று தெரிந்தபோது கை பரபரத்தது.

எங்களுக்கும் ஒரு கோடு இருந்தது. மெயின்லேண்டில் வேலைக்கு எடுத்தவர்களுக்கு இங்கே வீடில்லை, அதனால் குவார்ட்டர்ஸ். இங்கே எடுத்தவர்களுக்குக் கிடையாது. நான் கப்பலிலிருந்து இறங்கிய மறுவாரம் இங்கே எடுக்கப்பட்டவள். அம்மாவும் நானும் வலை போட்டுவைக்கும் கொட்டகையின் ஓரத்தில் இருந்தோம். மழைக்கு முன் வீடு கிடைக்காவிட்டால், இருமும் அம்மாவை ஊருக்கே கப்பலேற்ற வேண்டியதுதான்.

அந்த வழக்குகளைக் காட்டி, வீடு கேட்டு மனு அடித்தேன். பக்கத்து மேசைத் தெலுங்குப் பெண் வழக்கம்போல உரக்கப் படிக்க, நான் நகலோடு ஒத்துப் பார்த்தேன். அவளும் இங்கே எடுக்கப்பட்டவள்தான்; அக்காள் வீட்டுச் சமையலறையில் படுப்பவள். மெயின்லேண்டில் எடுக்கப்பட்டு குவார்ட்டர்ஸில் இருக்கும் ஹெட் கிளார்க் வழியாகத்தான் மனு மேலே போக வேண்டும்.

"இது என்ன அமெரிக்காவாம்மா? உன் வேலை ஆர்டர் போர்ட் பிளேர்ல போட்டது. நீ லோக்கல்."

"சார், நீங்களும் நானும் ஒரே கப்பல்ல, அடியில அடுக்குக் கட்டில் போட்ட ஒரே பங்க் கிளாஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தோம். இறங்கினப்ப ரெண்டு பேருக்கும் இங்க வீடில்ல. கையெழுத்து எந்த ஊர்ல போட்டா என்ன சார்?"

அவர் காதைச் சொறிந்தார். "டீக் ஹை, அனுப்பறேன். திட்டு வந்தா உனக்குத்தான்."

திட்டு வரவில்லை, வீடு வந்தது. என்னைத் தனி நேர்வாகக் கருதி ஓர் அறை ஒதுக்குவதாகவும், இதைப் பிறர் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றும் உத்தரவு. அந்த உத்தரவுக்கு நகல் அடித்ததும் நான்தான். அதையும் அந்தத் தெலுங்குப் பெண்ணே உரக்கப் படித்தாள். கடைசி வரியில் நிறுத்தி, "அவுர் மேரா?" என்றாள். அப்படியானால் எனக்கு, என்று அர்த்தம்.

என் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோடு தப்பு என்று இரண்டு பக்கம் வாதாடியிருந்தேன். கடைசியில் கேட்டது மட்டும், எனக்கு ஒரு வீடு. அவள் பெயரையும் சேர்க்க ஒரு வரி போதும், தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே அம்மாவைக் குடிவைத்தேன். மறுநாள் புத்தகத்தைத் தெலுங்குப் பெண்ணின் மேசையில் வைத்து, "உனக்கும் ஒரு மனு அடிக்கலாம்" என்றேன்.

"உன்னைத்தான் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று நீயே அடித்துவிட்டாயே" என்றாள் இந்தியில்.