சத்தத்துக்குச் சட்டை போட்ட மனுசன்

சிட்னியில, டூங்கபியில எங்கட வீட்டுக்கு வந்து பாத்தாத்தான் உங்களுக்கு விளங்கும். ஸ்பானருக்குச் சட்டை, சுத்தியலுக்குச் சட்டை, கொப்பு அரியிற மடக்கு வாளின்ர பிடிக்கும் சட்டை! எல்லாம் என்ர மனுசன் அருந்தவன் சைக்கிள் டியூபை வெட்டி, மேல துணி டேப் சுத்திப் போட்டுவிட்டது. மனுசன் லிட்கமில டயர் கடையில வேலை. நாள் முழுக்க நட்டுக் கழட்டுற மிஷின் காதுக்குள்ள "டறறறர்" எண்டு கத்தும். வீட்டை வந்தவுடனே குசினி மேசையில இருந்து, ஒரு கொளுக்கியைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டி ஆட்டிப் பாப்பார்.

"யாமினி, இது சத்தம் போடுதோ?"

"ஓம், நீங்கள்தான் போடுறியள். கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."

எல்லாம் மான் வேட்டையால வந்த கோதாரி. அவரோட வேலை செய்யிற சுஜீதன் ஒருக்கா ஓபரன் மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனவன். அண்டைக்குப் பிடிச்ச விசர். ஆனா துவக்கு மட்டும் கையால தொடமாட்டன் எண்டிட்டார். "ஊரில வெடிச் சத்தம் கேட்டது காணுமப்பா" எண்டு ஒரு வசனம். அதுக்கு மேல நானும் கேக்கேல்லை. வில்லு வாங்கினார். வில்லெண்டா மான் கிட்ட வரவேணும். அதால மரத்தில இருக்கை கட்டி, ஏறி, பெல்ட்டால தன்னையும் மரத்தோட கட்டிக்கொண்டு காவல் இருப்பார். மான் லேசில அண்ணாந்து பாக்காதாம், எங்கட மணமும் மேலால போயிடுமாம். சரி, காது? அது கழுதைக் காது மாதிரி நிமிர்ந்துகொண்டெல்லோ நிக்குது!

இவர் மரம் ஏறுற இடம் கீத் எண்டொரு வெள்ளைக்காரக் கிழவன்ர தோட்டம். அப்பிள் கண்டு புதுசா வைச்சிருக்கிறார். மான் வந்து பட்டையை உரிச்சு, குருத்தைக் கடிச்சு நாசம் பண்ணுது. "ஒண்டையாவது விழுத்திக் காட்டு, வருஷம் முழுக்க வந்து போ" எண்டு இவரிட்டைச் சொல்லியிருக்கிறார். சிட்னியில இருக்கிறவனுக்கு இப்பிடி ஒரு தோட்டத்துக்காரன் கேற்றைத் திறந்து விடுறது லேசில்லை. இவரும் கோயிலுக்குப் போறமாதிரிப் போனார். முதல் தரம் கொப்பு வெட்டேக்க வாள் "கிறீச்" எண்டுது, மான் போச்சு. அடுத்த தரம் பெல்ட்டின்ர இரும்பு ஏணியில முட்டி "டிங்" எண்டுது, போச்சு. அதுக்கு அடுத்த தரம் பையைத் திறக்க, அந்த ஒட்டுற மூடி "பர்ர்ர்" எண்டுது. நாசமாப் போச்சு!

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. உங்களுக்கு யானை ஏன், நீங்களே காணும்" எண்டு நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. கீத் போன் எடுத்துச் சொல்லிப்போட்டாராம், இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி, அதுக்குப் பிறகு துவக்கோட வாற வேற ஆக்களுக்குக் குடுக்கப்போறன் எண்டு.

அதோட என்ர சிரிப்பும் நிண்டுது. உங்களுக்கு இந்த மனுசனைத் தெரியாது. அகதியா வள்ளத்தில வந்தவர். விசா இண்டைக்கு முடியுமோ நாளைக்கு முடியுமோ எண்டு வருஷக்கணக்கா இருந்தவர். ஒருத்தரும் எங்களைப் பற்றி முறைப்பாடு சொல்லக்கூடாது எண்டு, இவர் கதவைச் சாத்தினா அந்தக் கதவுக்கே தெரியாது. போனில கதைச்சா பக்கத்தில இருக்கிற எனக்கே கேக்காது. விசா நிரந்தரமாக் கிடைச்ச பிறகும் தொண்டை திறக்கேல்லை. அந்த மரத்தில இருந்து வாற நாளில மட்டும் மனுசன்ர முகத்தைப் பாக்கவேணும்! மான் இல்லாட்டியும் வாசலிலேயே கதை தொடங்கிடும். கங்காரு குட்டியோட நிண்டதாம், கிளிக்கூட்டம் தலைக்கு மேலால போனதாம். அந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது எண்டு நானும் முருகனுக்கு நேர்த்தி வைச்சன்.

பிறகென்ன, வீடு தொழிற்சாலை ஆச்சுது. ஏணிக்கு என்ர பழைய கம்பளிப் போர்வை. வாளின்ர மூட்டுக்கு மெழுகு. மெழுகு கிடைக்கமுன்னம் நல்லெண்ணெய் பூசப்போனவர்! "மணத்துக்கு எள்ளுருண்டைக் கடை எண்டெல்லோ மான் நினைக்கும்" எண்டு நான்தான் போத்தலைப் பறிச்சன். பையின்ர ஒட்டுற மூடியை வெட்டி எறிஞ்சுபோட்டு, நானே சட்டைத் தெறி வைச்சுத் தைச்சுக் குடுத்தன். மேசையில எல்லாத்தையும் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு உலுக்கிப் பாத்தம். ஒரு சத்தமும் இல்லை. எனக்கே கைதட்டவேணும் போல இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் சுஜீதன் போன் எடுத்தான். "அக்கா, எனக்கு வேலை போட்டிட்டாங்கள், வரேலாது." தனிய மரத்தில ஏறக்கூடாது எண்டது கீத்தின்ர கட்டளை. இவர் என்னைப் பாத்தார். நான் பின்னால திரும்பிப் பாத்தன், ஒருத்தரும் இல்லை.

அப்பிடித்தான் நான் மரம் ஏறினன்! அடி ஆத்தை, என்ர வயசில! யூக்கலிப்டஸ் மரம், ஒரு பக்கத்தில அவர், மற்றப் பக்கத்தில நான், ரெண்டு பேரும் கட்டுப்பட்டுக்கொண்டு. ஏறேக்க ஒரு சத்தம் இல்லை. ஏணியோ கொளுக்கியோ ஒண்டும் மூச்சு விடேல்லை. எனக்குப் பெருமை தாங்கேல்லை. கீழ வாட்டில் எண்டுற காட்டுப் பூ மஞ்சள் மஞ்சளாப் பூத்துக் கொட்டிக் கிடந்தது. வெயில் சாயத் தொடங்கிச்சுது.

வந்துதே! வேலிக்கரையால, கொம்போட, ஒரு ஆண் மான். நடை எண்டா நடை, மாப்பிள்ளை நடை. என்ர நெஞ்சு அடிக்கிற சத்தம் அதுக்குக் கேட்டிடும் எண்டு பயந்தன். இவர் வில்லைத் தூக்கினார். ஆனா மானுக்கு முன்னால ஒரு கொப்பு. இன்னும் கொஞ்சம் வரட்டும், இன்னும் கொஞ்சம். முருகா, முருகா எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டிருக்கிறன்.

"ஹச்ச்ச்!"

இவர்தான்! வாட்டில் பூத்தூள் மூக்குக்குள்ள போயிட்டுது. வாளுக்குச் சட்டை போட்டம், சுத்தியலுக்குப் போட்டம், மூக்குக்குப் போடேல்லையே! மான் துள்ளிப் பாய்ஞ்சுது, கொப்பைத் தாண்டி வெளியில ஓடுது. போச்சு, எல்லாம் போச்சு!

அந்த நேரம் என்ர வாய் சும்மா இருந்துதோ? எங்கட வீட்டில ஒராள் தும்மினா, பக்கத்தில இருக்கிற ஆள் "நூறு" எண்டு சொல்லவேணும். நூறு வயசு இருக்கட்டும் எண்டு. பிறந்ததில இருந்து வந்த பழக்கம், வாய் என்னைக் கேக்கிறதே இல்லை.

"நூறு!" எண்டு கத்திப்போட்டன்.

மான் நிண்டுது.

உண்மையா நிண்டுது! ஓடின கால் ஓடின இடத்தில. தலையைத் திருப்பி என்னையே பாத்தது, ஆர் இது, என்ன எண்ணுறா எண்டு யோசிக்கிற மாதிரி. முழு உடம்பும் குறுக்கால, வெளிச்சத்தில, மறைக்க ஒரு இலை இல்லை. அது என்னைப் பாக்க, மரத்துக்கு மற்றப் பக்கத்தில வில்லு வளைஞ்சதை நான் கேக்கவே இல்லை. அம்பு போனது மட்டும் தெரிஞ்சுது. மான் நாலு பாய்ச்சல் பாய்ஞ்சு, வேலிக்கரையில சரிஞ்சுது. பிறகு அசையேல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் என்ர கையை எட்டிப் பிடிச்சார். இறங்கிப் போய் மானின்ர கழுத்தைத் தடவினார்.

கீத் தன்ர வாகனத்தில வந்து இறங்கினார். முதல் மானைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார்.

"வீட்டு வாசலில நிண்ட எனக்குக் கேட்டது. என்ன கத்தினனீ?" எண்டு இங்கிலிஷில கேட்டார்.

"நூறு. இவர் தும்மினவர், நூறு வருஷம் இருக்கட்டும் எண்டு சொன்னனான்."

கிழவன் வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். "உன்ர மனுசனுக்கு நூறு, பாவம் மானுக்கு இல்லை!" எண்டார். பிறகு போனை எடுத்து, எங்களுக்கு முன்னாலயே அந்தத் துவக்குக்கார ஆக்களுக்கு அடிச்சு, இடம் இல்லை, எனக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னார். வைச்சுப்போட்டு இவர்ர தோளில தட்டினார். அருந்தவன் எண்ட பேர் கிழவன்ர வாயில அருண். "அருண், வருஷம் முழுக்க வா. இது உன்ர இடம்."

உன்ர இடம். இந்த நாட்டில இவருக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமோ? ரெண்டு கையையும் மேல தூக்கி, தொண்டை கிழிய, "ஓஓஓய்!" எண்டு கத்தினார். கலியாணம் கட்டின நாளில இருந்து இந்த மனுசன்ர சத்தத்தை அப்பிடி நான் கேட்டதில்லை. அந்த மலை முழுக்க எதிரொலிச்சுது. எதிர்ச் சரிவில மேய்ஞ்சுகொண்டு நிண்ட மான் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிச்சுதுகள்.

ஓடட்டும். "இன்னொருக்காக் கத்துங்கோ" எண்டன்.