சாவிக்காரன் வீட்டுக் குடம்

தெருவுக்குத் தண்ணி திறந்துவிடுற அந்த ஆளுக்குப் பெத்தவங்க வெச்ச பேரு யாருக்கும் ஞாபகம் இல்லை. நீட்டு இரும்புச் சாவியைத் தோள்ல போட்டுக்கிட்டு வால்வைத் திருகப் போறதால சாவிக்காரன். தண்ணி குறைஞ்ச அன்னிக்கு அதோட இன்னும் நாலு பட்டம் சேரும். அதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. யார் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுவான். "உங்க தண்ணியை நானா குடிச்சுட்டேன்?" வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இதே சண்டைதான்.

அந்த மழைக்காலத்துல குழாயில சாக்கடை நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. தெருவுல பாதிப்பேர் வாந்திபேதியில படுத்தாங்க. சாவிக்காரன் மகளும் ஆஸ்பத்திரியில கிழிஞ்ச நாராக் கிடந்தா. காரணம் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு தெருக் குழாயில மோட்டாரை மாட்டி உறிஞ்சுறாங்க. அந்த இழுப்புல, மண்ணுக்குள்ள விரிசல் விட்ட குழாய் பக்கத்துச் சாக்கடையையும் உள்ளே இழுத்துக்குது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டான். எந்தப் புண்ணியவான் காதுல போட்டுக்கிட்டான்?

மகளைப் பார்த்துட்டு வந்த கையோட ஸ்பேனரை எடுத்துட்டான். தெருவுல முதல் வீடு அவனோட அண்ணன் வீடு. அண்ணி குறுக்கே வந்து நின்னா.

"கழட்டுங்க கொழுந்தனாரே, நல்லாக் கழட்டுங்க! அப்படியே உங்க வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடியும் கொஞ்சம் எட்டிப் பாருங்க."

ஓடிப்போய்ப் பார்த்தான். சாக்குத்துணி போர்த்தி, புது மோட்டார்.

"பெத்த பொண்ணு வாயில சாக்கடையை ஊத்தினது நீதானாடி?"

"ஆமாய்யா, நான்தான்!" பொண்டாட்டி பத்ரகாளியா நின்னா. "நம்ம வீடு தெருக்கோடியில மேட்டுல இருக்கு. தண்ணி இங்கே ஏறுறதுக்குள்ள நீயே போய் வால்வை மூடிடுற. நான் காத்தைப் பிடிச்சா சமைக்கிறது?"

அதையும் பிடுங்கி, அண்ணன் வீட்டுலேருந்து வீட்டுக்கு வீடு கழட்டின மத்த மோட்டாரோட நடுத்தெருவுல வீசினான்.

அதுக்கப்புறம் தண்ணி நாத்தம் இல்லாம வந்துச்சு. நல்லது பண்ணினேன்னு ஒரு நாக்கும் சொல்லலை. மெதுவா வருதுன்னு திட்டத்தான் செஞ்சாங்க.

மகள் வீடு திரும்பின அன்னிக்கு, வால்வை மூடுற நேரத்துல பொண்டாட்டி காலிக் குடத்தோட ஓடி வந்தா. அவங்க வீட்டுக் குழாய் அப்போதான் சொட்ட ஆரம்பிச்சிருந்துச்சு.

"பொண்ணு நாக்கு வறண்டு கிடக்கா. ஒரே ஒரு குடம் ரொம்பட்டும்யா."

இதை மூடினாத்தான் அடுத்த தெருவுக்குத் தண்ணி போகும். அந்தத் தெருப் பொம்பளைங்க இடுப்புல கை வெச்சு நின்னாங்க. "மூடுய்யா! உன் பொண்டாட்டிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவமானம் அவனைப் பிடுங்கித் தின்னுச்சு. ஊரே கேட்கக் கத்தணும்போல இருந்துச்சு. ஆனாலும் மூடிட்டான்.

பொண்டாட்டி குடத்தை அவன் நெஞ்சுல மோதித் திணிச்சா. "ரொப்பிக்கிட்டு வீட்டுக்கு வா. இல்லேன்னா வராதே."

வேற போக்கிடம்? முதல் வீட்டு வாசல்ல போய் நின்னான்.

"அண்ணி, பொண்ணுக்கு ஒரு குடம் தண்ணி குடுங்க."

அண்ணி குடத்தைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. "மோட்டாரைத்தான் பிடுங்கிட்டீங்களே கொழுந்தனாரே, தண்ணிக்கு நான் எங்கே போவேன்?"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. உள்ளே அண்ணன் வாளி வாளியாத் தண்ணியை ஊத்தித் தரையைக் கழுவிக்கிட்டிருந்தார்.