ஆட்டைக் கூப்பிடும் சத்தம்தான் அந்தப் பாஷைக்குப் பேராம்

ஏட்டி மைனாக்குட்டி,

இன்று புளியங்குடி பஸ்ஸில் உன் காலேஜ் சிநேகிதி செல்வியைப் பார்த்தேன். உன்னை அடக்கம் பண்ணிய அன்று பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சங்கரன்கோவில் நெருங்கும்போது கேட்டாள், “அம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒரு கதை எழுதினோம்லா. இல்லாத ஊரு, இல்லாத சனம். அவங்க பேசுததுக்கு உங்க மகதான் ஒரு பாஷை உண்டாக்கினா. தெரியுமா?”

“தெரியாம என்ன! சோறு திங்கும்போதும் வாய்க்குள்ள என்னமோ முணுமுணுப்பா. பேய் கீய் புடிச்சிருக்கான்னு ஏசுவேன்.”

செல்வி சிரித்துவிட்டாள். “அதுக்கு என்ன பேரு வச்சான்னு சொன்னாளா? துர்ரியோ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏ பிள்ளை, அது நான் ஆட்டைக் கூப்பிடுத சத்தம்லா!”

“ஆமாம்மா. ‘இருட்டப் போவுது, வீட்டுக்கு வா’ன்னு அதுக்கு அர்த்தம். அவ முதமுதல்ல உண்டாக்கின வார்த்தை அதுதான். அதையே பாஷைக்கும் பேரா வச்சிட்டா.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வாயிலிருந்து போய் ஒரு பாஷைக்குப் பேர் எடுத்திருக்கிறாய். இதைப் படிக்கிறவர்கள் ஆட்டுப் பாஷைக்காரி என்று என்னைக் கேலி பண்ணினாலும் பரவாயில்லை.

சாயங்காலம் கரட்டுமேட்டில் நின்று ஆடுகளைக் கூப்பிட்டேன். பாதிச் சத்தம்தான் வந்தது. அதற்கே எல்லாம் ஓடி வந்துவிட்டன, கால் ஊனமான குட்டிகூட.

அர்த்தம் தெரியாத ஆடெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அர்த்தம் வைத்தவள் நீ, உனக்கு மட்டும் ஏன்டி கேட்கவில்லை?