சாக்கடைக்குப் போன சுடுதண்ணீர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். யாரும் ஏற்காததால் சங்கச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. ஒரு கம்பெனி எங்கள் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர்களை இலவசமாக வைத்துத் தந்தது. வெயில் தண்ணீரைச் சுடவைத்தால் வீடுகளில் கீசர் ஓடாது. அதனால் குறையும் கரியமில வாயுவைக் கணக்காக்கி, கார்பன் கிரெடிட் என்ற பெயரில் வெளிநாட்டில் விற்பார்களாம். எவ்வளவு சுடுதண்ணீர் போனது என்று குழாயிலிருந்த டிஜிட்டல் மீட்டர் தானாகவே கம்பெனிக் கணினிக்குச் சொல்லிவிடும். மனிதர்களை நம்பவேண்டியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டார்கள்.

கோடையில் கம்பெனி அதிகாரி வந்தார்.

"மேடம், உங்க பில்டிங்ல ரீடிங் ரொம்ப கம்மி. ஹாட் வாட்டர் ஜாஸ்தி யூஸ் பண்ணச் சொல்லுங்க."

"இந்த வெயில்ல யாருங்க சுடுதண்ணில குளிப்பாங்க?"

"ஆடிட் வருது மேடம்" என்றார், பரிதாபமாக.

சில நாள் கழித்துத் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். சுடுதண்ணீர்க் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. காசு கொடுத்து டேங்கரில் வாங்கிய தண்ணீர், ஆவி பறக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடிவிட்டுக் காவலாளியைக் கேட்டேன்.

"கம்பெனி சார்தாம்மா தொறந்து வைக்கச் சொன்னாரு."

அதிகாரிக்குப் போன் செய்தேன். "மீட்டர் பொய் சொல்லலையே மேடம்" என்றார். அதற்குப் பிறகும் நான் மூட மூட யாரோ திறந்துகொண்டேதான் இருந்தார்கள்.

ஆடிட்டர் டெல்லியிலிருந்து விமானத்தில் வந்தார். மாடி ஏறவில்லை. சங்க அறையில் மடிக்கணினியைத் திறந்து, ரீடிங் வரைபடத்தில் ஏறிக்கொண்டே போன பச்சைக் கோட்டைப் பார்த்துப் பூரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணீர் மீட்டரைத் தாண்டியதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தாண்டிச் சாக்கடைக்குப் போனது."

"தாண்டிய பிறகு எங்கே போகிறது என்பது எங்கள் வேலையில் சேராது" என்றவர், இன்னொரு டீ கேட்டார்.

அன்று மாலையே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். ரீடிங் சரிந்தது. மீட்டர் கெட்டுவிட்டதென்று புதியது மாட்டினார்கள். அதுவும் அதையே காட்டியது. கடைசியில் எங்கள் கட்டடத்தின் தகவல் நம்பத்தக்கதல்ல என்று திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அதே திட்டத்தில் அதிக ரீடிங் காட்டிய பக்கத்துக் குடியிருப்புக்குக் கேடயம் கிடைத்தது. விழாவுக்குப் போய்க் கேசரி பாத் சாப்பிட்டேன். மேடையில் எல்லோரும் பூமியைக் காப்பாற்றினார்கள். குளிப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.