தகவலாளர் தினேஷ்குமார், வயது 74

ஆய்வேடு அடித்துக் கொடுக்கும் தொழிலில் ஒரு பெருமை உண்டு: எழுதியவரும் படிக்காத, வழிகாட்டியும் படிக்காத ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரே ஜீவன் நாம்தான்.

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் என் கடை. ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங், கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. நானும் வரலாற்றில் எம்.ஃபில். முடித்தவள்தான். அதனால்தான் இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இதே தொழிலில் கண்ணும் கழுத்தும் போன சக பாவிகளே, கீழே இருப்பதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். கடைசி இரண்டு மட்டும் நடந்திருக்காது. நடந்திருந்தாலும் நீங்கள் என்னைப் போல வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

தரம்

உயர்கல்வியின் தரத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குத் தீராத கவலை. அந்தக் கவலை முழுவதையும் ஒரு சுற்றறிக்கையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வலது ஓரம் ஒரு அங்குலம், வரிக்கு வரி இடைவெளி ஒன்றரை, அட்டை கருநீலம், எழுத்து பொன்னிறம். அதை லேமினேட் செய்து கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உள்ளே என்ன எழுத வேண்டும் என்பது அதில் இல்லை. அது அவரவர் விருப்பம்.

ஒவ்வொரு ஆய்வேட்டிலும் முன்னுரையில் 'ஆய்வின் நோக்கம்' என்று ஒரு துணைத்தலைப்பு இருந்தாக வேண்டும். தமிழில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்த ஒரு தம்பி அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, நோக்கம் இல்லாம இருக்கே" என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "போன மாசம் ஒருத்தருக்கு அடிச்சீங்கல்லக்கா, அவரு நோக்கத்தையே எனக்கும் போட்டுருங்க."

ஒப்புமை

இப்போது கம்ப்யூட்டரே திருட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆய்வேட்டை உள்ளே போட்டால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று சிவப்பு மஞ்சளில் காட்டிவிடும். நெய்க்காரப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். தங்கமான மனிதர், பையில் எனக்கு நாலு கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். அவர் ஆய்வேட்டில் முக்கால்வாசி சிவப்பாக வந்தது. எல்லாமே அவருடைய வழிகாட்டியின் பழைய ஆய்வேட்டிலிருந்து வந்தவை. முழுசாகத் திருப்பி எழுத வேண்டும் என்று சொன்னேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "ஏனுங்க அக்கா, பள்ளிக்கூடத்துல வாத்தியார் சொன்னதை அப்படியே திருப்பி எழுதுனா மார்க்குப் போட்டாங்களே, இங்க மட்டும் எப்படிங்க அது குத்தமாகும்?"

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் அவருக்கே சொல்லிவிடுங்கள்.

நன்றியுரை

வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். பேர் வேண்டாம், 'ஐயா' என்றே வைத்துக்கொள்வோம். துறையில் அத்தனை பேரையும் என் கடைக்கு அனுப்பிவைக்கும் புண்ணியவான். அவரிடம் ஆய்வு செய்பவர்கள் அச்சுப்படியை அவர் மேசையில் வைத்தால் மறுநாளே திரும்பி வந்துவிடும். அவ்வளவு வேகமாகப் படிப்பார் என்று ஆரம்பத்தில் நானும் வாயைப் பிளந்தேன்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். திருத்தங்கள் எல்லாம் நன்றியுரையில் மட்டுமே இருக்கும். இயல் ஒன்று முதல் ஐந்து வரை பேனா மை பட்டிருக்காது. ஒருமுறை அவரே கடைக்கு வந்து, ஒரு மாணவியின் ஆய்வேட்டை என் மேசையில் வைத்துவிட்டு, மிகவும் திருப்தியோடு சொன்னார்: "அம்புட்டையும் பாத்துட்டேம்மா, பிரமாதமா வந்திருக்கு. எம் பேருக்கு முன்னாடி 'பெருமதிப்பிற்குரிய' மட்டும் விட்டுப்போச்சு."

அந்த மாணவிதான் ஜெயராணி. ஆத்தூர்க்காரப் பெண். வீட்டில் கத்தரிக்காயும் வெங்காயமும் போடுகிறார்கள். விடிகாலையில் அப்பாவோடு காய் எடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து, சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்து தானே பிழை திருத்துவாள். பிழை திருத்தும் ஆய்வாளர் என்று இத்தனை வருடத்தில் அவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன். முதலில் பயந்தே போனேன். அவள் தலைப்பு, ஆத்தூர்ப் பக்கத்து உழவர்கள் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்ட வழக்கம்.

ஐம்பது பேர்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஐயாவும் ஆய்வு மாணவர்தான். அவரும் இதே தண்ணீர் முறையைத்தான் எழுதினார். ஊருக்குள் போய் ஆட்களிடம் கேட்டு எழுதினால் அது கள ஆய்வு. யார் யாரிடம் கேட்டோம் என்று பின்னிணைப்பில் பெயர், வயது, தொழிலோடு போட வேண்டும். அதற்குத் தகவலாளர் பட்டியல் என்று பேர். ஐம்பது பேர் இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவருடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். ஐயா பார்த்ததோ பத்தொன்பது பேரை. பாக்கி முப்பத்தொரு பேருக்கு மறுபடியும் வெயிலில் போக அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் ஆத்தூர்க் கல்யாணம் ஒன்றுக்கு நான் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். மாமன்மார், பெரியப்பாமார், அத்தைமார், கடைசியில் 'தங்கள் வரவை எதிர்பார்க்கும் மழலைகள்' என்று வாண்டுகள் பெயர் வரை ஒரு பக்கம் நிறைய இருந்தது. ஐயா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எம்.ஃபில். படித்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது, வயதை எல்லாம் அறுபதுக்கு மேல் போட்டுவிடலாமா சார் என்பதுதான். மாமன்களும் பெரியப்பாக்களும் தீர்ந்து போக, கடைசி வரிசையில் மழலைகளையும் சேர்த்தேன். கட்டம் போட்ட பட்டியல் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல நேராக வந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஐம்பது வந்ததுக்கப்புறந்தாம்மா என் ஆய்வுக்கே ஒரு கனம் வந்திருக்கு."

அந்தக் கனத்தோடு அவர் முனைவர் ஆனார். வாய்மொழித் தேர்வில் யாரும் அந்தப் பட்டியலைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால், 'தினேஷ்குமார், வயது 74, உழவர்' என்ற வரியில் எழுபத்து நாலு வயதுக் கிழவருக்கு எந்த ஊரில் தினேஷ்குமார் என்று பேர் வைத்தார்கள் என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

கடைமடை

ஐயாவின் ஆய்வு முடிவு இதுதான்: தண்ணீர் எப்போதும் வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்கே முதலில் போனது, இதை ஐம்பது முதியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். ஜெயராணி வீட்டு வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. மழை பொய்த்த வருடங்களில் கடைமடைக்குத்தான் முதல் முறை என்று அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ஐயா பெரியவர், நாம்தான் எங்கோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்து, அவருடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது பேரையும் தேடிப் போனாள். ஆய்வேட்டில் இருக்கும் தகவலாளரைத் தேடிப்போகும் ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை.

திரும்பி வந்தவள் முகம் வெளுத்திருந்தது. பத்தொன்பது பேர் சரி, அவர்களோ பிள்ளைகளோ இருந்தார்கள். அத்தனை பேருமே மழை பொய்த்த வருடத்தில் கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர் என்றார்கள். பாக்கிப் பேரில் பாதி வெளியூர்ச் சம்பந்திகள். தினேஷ்குமாரை மட்டும் கையோடு பிடித்துவிட்டாள். அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஆய்வேட்டில் அவனுக்கு எழுபத்து நாலு என்று காட்டியதும் அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்: "அப்ப நானு ஆறு வயசுலேயே அம்புட்டுக் கெழவனாக்கா? முதியோர் பென்சனுக்கு எழுதிப் போட்டா குடுப்பாகளா?"

அவள் சிரிக்கவில்லை. நான் எழுந்து டீ சொல்லப் போய்விட்டேன்.

மூன்றாம் இயல்

ஜெயராணி இதையெல்லாம் மூன்றாம் இயலாக எழுதினாள். ஐயாவைத் திட்டி ஒரு வரி கிடையாது. முந்தைய ஆய்வு இப்படிச் சொல்கிறது, களத்தில் இப்படி இருக்கிறது, அந்தத் தகவலாளர்களில் முப்பத்தொரு பேரைச் சரிபார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த முறை நன்றியுரையைத் தாண்டி ஐயா படித்துவிட்டார், யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாம் இயலை எடுத்தால் கையெழுத்து, எடுக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். அவளுடைய பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் ஆறு வருடப் படிப்பும் கத்தரிக்காய்க் கூடையோடு வீட்டில்தான்.

"யாரோ டைப் அடிக்கையில தப்பாப் போட்டிருப்பாக, நீ அதைப் பெருசு பண்ணாதன்னு சொல்றாருக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த 'யாரோ' அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருந்தால் என் வாடிக்கை தப்பும். சொன்னால் துறை முழுக்கக் கடையை விட்டுப் போகும். ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசைக்குப் போகிறேன், சாமியாரிடம் செய்த தப்பை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தை ஒருநாளும் சொன்னதில்லை. இது பாவம் என்றே தோன்றாத அளவுக்குத் தொழிலில் ஊறியிருந்தேன். அன்றைக்குத் தோன்றியது. கல்யாணப் பத்திரிகை முதல் மழலைகள் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்: "செத்த இருங்கக்கா, ரெக்கார்டு போட்டுக்கிறேன். மொதல்ல உங்க பேரு, வயசு, தொழில் சொல்லுங்க."

பின்னிணைப்பு

பிறகு நான் என் தொழில் அறிவு முழுவதையும் முதல் முறையாக ஒரு நல்ல காரியத்துக்குச் செலவழித்தேன். மூன்றாம் இயலை எடுத்துவிட்டேன், ஐயா சொன்னபடியே. எடுத்து, நான் பதிவில் சொன்னதையும் அதன் கீழே சேர்த்து, எழுத்தை ஒரு புள்ளி சிறிதாக்கி, ஆய்வேட்டின் கடைசியில் 'பின்னிணைப்பு 4' என்று வைத்தேன். பின்னிணைப்பை இந்த நாட்டில் யாரும் படிப்பதில்லை என்பதற்கு ஐயாவின் பட்டமே சாட்சி. தகவலாளர் பட்டியலில் ஜெயராணி உண்மையாகவே பார்த்த இருபத்திரண்டு பேருக்குக் கீழே இருபத்து மூன்றாவதாக 'சகாயமேரி, வயது 47, தட்டச்சுக் கடை, திண்டுக்கல்' என்று என் கையாலேயே அடித்தேன். வயதைக் குறைக்கக்கூட இல்லை.

ஐயா பொருளடக்கத்தைப் பார்த்தார், இயல்கள் நாலுதான் இருந்தன. நன்றியுரையைப் பார்த்தார், 'பெருமதிப்பிற்குரிய' இருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாராம்: "இப்பத்தாம்மா இது ஆய்வேடு மாதிரி இருக்கு."

வாய்மொழித் தேர்வு

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், கேள்வியும் கேட்கலாம். போகிறவர்கள் கேட்பதெல்லாம் இன்னொரு டீ. முன் வரிசையில் ஐயா, மேசையில் பொன்னாடை, மிக்சர் தட்டு, லட்டு. நான் அரைநாள் கடையைச் சாத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயராணி மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில், நடுங்காமல் பேசினாள். அவளுக்கும் சேர்த்து நான் நடுங்கினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர், மிக்சரைத் தொடவே இல்லை. எங்கள் கெட்ட நேரம், அவர் புத்தகத்தைக் கடைசியிலிருந்து படிக்கிறவர் போலிருக்கிறது. பின்னிணைப்பு 4 முழுக்கத் துண்டுச் சீட்டு செருகியிருந்தார். "இந்த இருபத்து மூணாவது தகவலாளர் சொன்னது பெரிய விஷயம். அவர் சொன்னதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். ஜெயராணி போனில் இருக்கும் பதிவைச் சொன்னாள். ஐயா அவசரமாகக் குறுக்கிட்டு, "சார், அப்படி ஒரு ஆளு இருக்காகளோ என்னமோ, பட்டியல்ல ஆயிரம் பேரு வரும்" என்றார்.

பட்டியலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஆனால் அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன்னால் இல்லாத ஆட்களை இருப்பதாக அவருக்கு அடித்துக் கொடுத்தவளை, இருக்கும்போதே இல்லை என்கிறாரே. எழுந்துவிட்டேன். "நான்தான் சார் அது. ஐயாவோட பட்டியல்ல முப்பத்தொரு பேரு கல்யாணப் பத்திரிகையில இருந்து நான் எடுத்துப் போட்டது. அவரு சொன்னாரு, நான் அடிச்சேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, மிக்சர் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. ஐயா லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "உக்காருங்கம்மா. முப்பது வருசமா வைவாவுக்குப் போய்க்கிட்டிருக்கேன், ஒரு தகவலாளர் உயிரோட எந்திரிச்சு நிக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஜெயராணி இப்போது முனைவர் ஜெயராணி, வரலாற்றுத் துறை முழுக்க இப்போது அடுத்த சந்துக் கடைக்கு வாடிக்கை, நானோ தரத்தை உயர்த்துவதற்கு என்னால் ஆனது இவ்வளவுதான் என்று கல்யாணப் பத்திரிகைகளை அடித்துக் கொடுத்த கையோடு கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுகிறேன்.