பனிக்குள் போன பந்து

கூடைப்பந்துக்கு வர்ணனை சொல்கிறவனுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் திரும்பி நடப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இங்கே டீ என்று நினைப்பதற்குள் பந்து மறுகூடைக்குப் போயிருக்கும். முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே, ஆனைகட்டியில், மறையூரில் என்று இருபது வருடத்துக்கு மேலாக என் நாக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பந்துக்குப் பின்னால், பந்தோடு, சில சமயம் பந்துக்கும் முன்னால்.

போன வருடம் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பெண்கள் இறுதி ஆட்டம். எஸ்டேட் அணிக்கு எதிரணி எங்கள் பாலக்காடு. எஸ்டேட் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது பனி இறங்கியது. களத்துக்குள் மங்கலாகவாவது தெரிந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. தகராறு வரும், நிறுத்திவிடலாம் என்றார்கள் நடத்துகிறவர்கள். நிறுத்தினால் கோப்பை பாலக்காட்டுக்கு.

எஸ்டேட் அணித் தலைவி, கொழுந்து எடுக்கிறவள், என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நாங்க ஆடுதோம். நீங்க வாயால காட்டுங்க, அவுகளுக்கு அது போதும்."

மேட்டிலிருந்து ஒரு குரல்: "அவரு பாலக்காட்டுக்காரருல்லா. அவுக ஊருக்குத்தான் கூடை விழும்."

"ஊருதானுங்க பாலக்காடு, கண்ணு ரெண்டும் பொதுவுங்க" என்றேன் மைக்கில்.

"கண்ணு சரி, வாயி?"

கூட்டம் சிரித்தது. விசில் ஒலித்தது. வயரில்லாத மைக்கோடு கோட்டோரமாக ஓடினேன். தட்டுகிறாள், திரும்புகிறாள், இடது கைக்கு மாற்றுகிறாள், கொடுத்தாள், திரும்ப வாங்கினாள்! பனிக்குள்ளிருந்து ஒரு முழு மலைச்சரிவின் கூச்சல் என் குரலோடு ஏறி இறங்கியது. இத்தனை வருடத்தில் என் சொல் இவ்வளவு கனத்ததில்லை.

கடைசி நொடிகள். எஸ்டேட் இன்னும் ஒரு புள்ளி பின்னால். தலைவி எம்பி எறிந்தாள். பந்து மேலே போனது. பனி அதை விழுங்கிவிட்டது. எனக்கும் தெரியவில்லை. விழுந்தது என்றால் என் ஊர் நம்பாது. விழவில்லை என்றால் மேடு நம்பாது.

வாயை மூடிக்கொண்டேன். கூடைத் தூணுக்கு அடியில் பாய்ந்து மைக்கை மேலே நீட்டினேன். மழையில் கயிறு இற்றுப்போகும் என்று அங்கே வளையத்தில் இரும்புச் சங்கிலிதான் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் வளையத்தில் ஒரு 'ணங்'. பிறகு சலசலவென்று சங்கிலி, ஒலிபெருக்கி வழியாக மலை முழுக்க.

இரண்டு புள்ளி என்று நடுவரின் இரண்டு விரல்கள் உயர்வதற்குள் மேடு வெடித்துவிட்டது.

"பாலக்காட்டாரே, இப்பச் சொல்லும், கேப்போம்" என்று கத்தியது அதே குரல்.

சொன்னேன், தொண்டை கிழிய. கேட்க அங்கே ஒருவரும் சும்மா இருக்கவில்லை.