நாலு மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்கிய மாமி

மும்பையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய பதிமூன்றாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நேர் விமானத்தில் பதினாறரை மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மும்பை மாட்டுங்காவில் விமான டிக்கெட் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. கேட்டவர்களுக்கு ஒழுங்காகச் சொன்னேனா என்பதுதான் கேள்வி.

செம்பூர் பார்வதி மாமிக்கு அதுதான் முதல் விமானம். அங்கே மகள் வித்யாவுக்குப் பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறார். டிக்கெட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"ஏம்பா முருகேசா, சாயங்காலம் நாலு மணிக்கு ஏறி, அன்னிக்கே ஏழு மணிக்கு எறங்கிடறேனா? செம்பூர்லேர்ந்து கல்யாண் போறதுக்கே ஒன்றரை மணி ஆறதே!"

பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். மாமி கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"ஆமா மாமி, ராத்திரி சாப்பாடு மக வீட்லதான்."

எல்லோரும் சிரித்தோம். மாமியும் சிரித்தார்.

அது அந்த ஊர்க் கடிகாரத்தின் ஏழு மணி. நமக்கு அப்போது மறுநாள் காலை எட்டரை. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

மாமி போன மறுநாள் வித்யாவின் போன். "அங்கிள், அம்மா ஆஸ்பத்திரில இருக்கா."

மாமிக்குச் சர்க்கரை. காலை ஏழு, இரவு எட்டு, இரண்டு வேளை இன்சுலின் ஊசி. எட்டு மணி ஊசியை மகள் வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று மருந்தையெல்லாம், நடுவில் எடுக்க முடியாதபடி விமானத்தின் அடியில் போகும் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டார். இரவு ஊசி போயிற்று, மறுநாள் காலை ஊசியும் போயிற்று. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று வாயே திறக்கவில்லை. இறங்கும்போது கால் நிற்கவில்லை.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு முருகேசன் சொன்னான்ங்கறா. நெஜமா சொன்னேளா அங்கிள்?"

"சொன்னேன்மா."

வித்யா தொடர்ந்தாள்: "என்னைப் பாத்துக்க வந்தவ பக்கத்துல நான்தான் உக்காந்திருக்கேன். இந்த வயித்தோட சேர்லேர்ந்து எழுந்துக்கத்தான் முடியல. இருங்கோ, அம்மா பேசணுங்கறா."

மாமியின் குரல் நூலாக வந்தது. "முருகேசா, நீ மனசுல வச்சுக்காதே. நான் சரியா கேட்டிருக்கணும்."

"கேட்டீங்க மாமி. நான்தான் சிரிச்சேன்."

ஐந்தாம் நாள் மாமி ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்குப் போனார். குழந்தை அதற்கு முந்தின நாளே, மாமி பக்கத்தில் இல்லாமல், பிறந்துவிட்டது.

இப்போது தூரமும் நேரமும் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. நான் கேட்பது வேறு: "மருந்து எந்தப் பையில? அடுத்த வேளை மருந்து எப்போ?" "உமக்கு எதுக்கய்யா அதெல்லாம்?" என்று சிலர் எரிந்துவிழுகிறார்கள். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்டு வாய் ஓய்ந்துபோகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வரிசை எவ்வளவு நீளமானாலும், சிரிப்பு வருகிற மாதிரி கேள்வி கேட்கிறவரை முதலில் உட்காரவையுங்கள். அவருக்கு நிஜமாகவே தெரியாது.